தென்னை வேர்வாடல்: தோப்பில் பார்ப்பதும் செய்வதும்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வேர்வாடல் நோயால் காய்ப்பு நின்றுபோனால் மரமேறி, கொப்பரைக் களம், கயிறு மில் என்று ஊரே சேர்ந்து தள்ளாடும். அதனால் நோய் இருக்கிறதா என்று பக்கத்துத் தோப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல் அடையாளம் மஞ்சள் அல்ல. கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும். மஞ்சளும் ஓரக் கருகலும் அதோடு சேர்ந்து வரும். வளைவு இல்லாத வெறும் மஞ்சளுக்குச் சத்துக் குறையோ தண்ணீர்க் குறையோ காரணமாக இருக்கலாம்.

இது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் நோய். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்பும். குணமாக்கும் மருந்து கிடையாது. யாராவது விற்றால் காசு வீண்.

வருஷம் 10 காய்கூடத் தராத நோய் மரத்தைத் தயங்காமல் வேரோடு எடுத்துவிடுங்கள். தேறக்கூடிய மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, மெக்னீசியம் சல்பேட் 1 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போது மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் இட்டு மூடுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் வேர் எடுக்காது.

பூச்சிக்கு, 200 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூளை அதே அளவு மணலோடு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வையுங்கள். குருத்து அழுகினால் அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சணக்கொல்லி 2 மில்லியை 300 மில்லி தண்ணீரில் கலந்து குருத்தடியில் ஊற்றுங்கள்.

நோய்த் தோப்பில் விதைக்காய் எடுக்காதீர்கள், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும்.