40 கெஜ ஓட்ட நேரத்தை வைத்து ஆட்டக்காரரின் வேகத்தை எடைபோடுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் கபடியும் சொல்லித்தருகிறேன். டாலஸில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் அக்கா மகன், "மாமா, நான் 40 கெஜத்தை 4.8 நொடியில ஓடுறேன், பத்துமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நேரத்தை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். 40 கெஜம் என்றால் 36.58 மீட்டர். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் தேர்வு முகாமில் ஓடுபவர் அசைந்ததும் ஒருவர் கையால் கடிகாரத்தை அழுத்துவார். முடிவுக் கோட்டில் மின்னணுக் கருவி நிறுத்தும். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கிளம்புகிற தாமதம் இதில் சேராது. ஆகவே 100 மீட்டர் நேரத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். முழுக்கக் கையால் எடுத்த நேரம் இன்னும் குறைவாகவே காட்டும்.

அப்புறம் மொத்த நேரத்தைப் பிரியுங்கள். முதல் 10 கெஜம் கிளம்பும் வேகம். கடைசி 20 கெஜம் உச்ச வேகம். 4.50-இல் முடித்தவர் முதல் 20 கெஜத்தை 2.60-இல் கடந்தார் என்றால் மீதி 1.90 நொடி, அதாவது மணிக்குச் சுமார் 34.7 கிலோமீட்டர். எதிராளியை முட்டித் தடுக்கும் லைன்மேனுக்கு இந்தப் பாதியால் பெரிதாக உபயோகமில்லை. அவருக்கு முதல் 10 கெஜத்தை மட்டும் பாருங்கள்.

இந்த எண்களில் வராத ஒன்றுதான் எனக்கு முக்கியம். 2017 முகாமில் பந்தைப் பிடிக்கும் இடத்தில் ஆடும் ஜான் ராஸ் 4.22 ஓடி அன்றைய சாதனையை வைத்தார். அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில் 9-ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். அதே முகாமில் 4.62 ஓடிய, அதே இடத்தில் ஆடும் கூப்பர் கப் மூன்றாம் சுற்றில்தான் போனார். 2021-இல் பிடித்த பந்து, அப்படிப் பிடித்து முன்னேறிய கெஜம், டச்டவுன் (எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) மூன்றிலும் அவரே முதலிடம். ராஸைக் காயங்களும் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கப்பின் பலம் நேர்கோட்டில் இல்லை: எங்கே வேகத்தைக் குறைத்து எங்கே திரும்புவது என்று அவருக்குத் தெரியும். எங்கள் கபடியிலும் 100 மீட்டரில் முதலாவதாக வரும் பையன் திரும்பத் தெரியாமல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடிபடுகிறான்.

சரி, உங்கள் திடலிலேயே சோதிக்கலாம். 36.58 மீட்டரை டேப்பால் அளந்து, சாதாரண உடையில் ஒருமுறை ஓடவிடுங்கள். நன்றாக இளைப்பாறியபின் ஹெல்மெட், தோள் கவசம், கையில் பந்தோடு மறுபடி. பிறகு நடுக்கோட்டில் நின்று 4.57 மீட்டர் ஒரு பக்கம், 9.14 மீட்டர் எதிர்ப்பக்கம், திரும்ப 4.57 மீட்டர். கடைசியாக, அதே ஓட்டத்தில் நீங்கள் கைகாட்டும் பக்கம் அவன் பார்த்துத் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே நேரம் நிறையக் கூடினால் காலில் குறையில்லை, பார்த்து முடிவெடுப்பதில்தான் தாமதம். அந்தப் பையனுக்கு இன்னும் ஓட்டப் பயிற்சி கொடுக்காதீர்கள். எதிரே ஓர் ஆளை நிற்கவைத்து ஆடவிடுங்கள்.