இத்தாலிய உணவகத்தில் இருவர்: எடை கேட்காமல் தலையாட்டாதீர்கள்

உயர்தர இத்தாலிய உணவகம் ஒன்றில் பல வருடம் வெயிட்டராக இருந்தவன் நான். இப்போது விருந்தாளியாகப் போய் உட்கார்ந்தாலும் கண் பக்கத்து மேசைக்குத்தான் போகிறது. முதல் முறை வந்திருக்கும் நண்பர்கள் இருவரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்த வேலைக்கு வரும் முன் நான் சொதப்பிய அதே இடங்களில்தான் அவர்களும் சொதப்புகிறார்கள். ஃபோர்க்கை எப்படிப் பிடிப்பது, என்ன உடுத்துவது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லாப் பகுதியிலும் ஒன்று கேட்பது

ஆன்டிபாஸ்டி (தொடக்கத்தில் கொறிப்பவை), பிரிமி (பாஸ்தா, அரிசி வகை), செகோன்டி (இறைச்சி, மீன்), கோன்டோர்னி (காய்கறி), டோல்சி (இனிப்பு) என்று மெனு நீளும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு தட்டு வாங்கியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவாக ஓர் ஆன்டிபாஸ்டி, ஆளுக்கொரு பாஸ்தா, இடம் இருந்தால் இனிப்பு. பலருக்கு இதுவே அதிகம். ஒரு பாஸ்தாவை இரண்டு தட்டில் பிரித்துத் தரச் சொல்வதிலும் தப்பில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். செகோன்டியில் இறைச்சியோ மீனோ பெரும்பாலும் தனியாகத்தான் வரும். காய்கறியும் உருளைக்கிழங்கும் கோன்டோர்னி பகுதியில், தனி விலையில் இருக்கும்.

எடைக்கு விலை போட்டதைப் பார்க்காமல் ‘சரி’ என்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஒரு நாள் இரவு நண்பர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் மற்றவருக்கு விருந்து வைக்கிறார். மூத்த வெயிட்டர் ஐஸ் பரப்பிய தட்டில் ஒரு முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். “இன்று வந்தது, உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக இருக்கும்” என்றார். விருந்து வைத்தவர் மெனுவில் மீனுக்கு எதிரே இருந்த எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது 100 கிராமுக்கான விலை. மீனோ 1,600 கிராம். அவர் மனதில் போட்ட கணக்கைப் போல 16 மடங்கு பில்லில் ஏறியது. அந்தப் பில்லை மேசையில் வைத்தவன் நான். நண்பர் பர்ஸை எடுக்க, இவர் தடுக்க, அதற்குப் பிறகு இருவரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூத்த வெயிட்டர் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காதவரிடம் அவராகச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று, கணக்கில் வருவது சமைக்காத முழு மீனின் எடை. தலை, முள், தோல் போகத் தட்டில் மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். ஃபியோரென்டினா ஸ்டேக் என்ற கனமான மாட்டிறைச்சித் துண்டும் அப்படித்தான். எலும்போடு நிறுப்பார்கள், பெரும்பாலும் 1 கிலோவைத் தாண்டும். வெள்ளை டிரஃபிள் இன்னும் மோசம். இலையுதிர்காலத்தில் வரும் அந்தக் காளானைப் பல இடங்களில் கிராம் கணக்கில் விற்பார்கள். வெயிட்டர் உங்கள் பாஸ்தா மேல் சீவிக்கொண்டே இருப்பார், நீங்கள் ‘போதும்’ என்று சொல்லும்வரை. நண்பர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த ‘போதும்’ வாயில் வராது.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இது எவ்வளவு எடை, மொத்தம் என்ன வரும்?” அப்புறம், “இதைவிடச் சின்னது இருக்கிறதா?” என்றும் கேட்கலாம். வாயால் மட்டும் சொல்லப்படும் ‘இன்றைய ஸ்பெஷல்’ எதுவானாலும் இதே கேள்விதான். நல்ல வெயிட்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பில் வந்த பிறகு நடக்கும் சண்டையில் முதலில் திட்டு வாங்குவது அவர்தானே.

சைவ நண்பருக்கு ‘பாஸ்தாதானே’ என்று விட்டுவிடுவது

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். கிரானா படானோவும் அப்படியே. பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸுக்குள்ளும் பெரும்பாலும் இந்தச் சீஸ்கள் இருக்கும். ரிசோட்டோ என்பது அரிசியைச் சாற்றில் வேகவைக்கும் உணவு; காய்கறி ரிசோட்டோவைக்கூட இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சமையலறைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ரிசோட்டோவுக்கு அவசரப்படுவது

அரிசி வேகவே 18 நிமிடம் போல ஆகும். சில இடங்களில் குறைந்தது 2 பேருக்குத்தான் செய்வார்கள். நண்பருக்கும் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

கார்பொனாராவில் கிரீம் எங்கே என்பது

கிடையாது. கார்பொனாரா பாஸ்தாவில் இருப்பது முட்டை, பெக்கொரினோ என்ற செம்மறிப்பால் சீஸ், மிளகு, பன்றியின் தாடை இறைச்சி. பன்றி சாப்பிடாதவர் வேறு கேட்கட்டும்.

ரொட்டி

சாப்பாட்டுக்கு முன் மேசைக்கு வருவது. பசியை அதற்கே கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பிட்ட பின் கப்புச்சினோ

கேட்கவே கூடாது என்பார்கள். காசு உங்களுடையது, குடியுங்கள்.

பில் வந்த பிறகு யார் தருவது என்று பேசுவது

அழைத்தவரே தருவதானால், இனிப்பு வரும் முன் எழுந்துபோய் கார்டைக் கொடுத்துவிட்டு வரலாம். பாதிப் பாதி என்றால் மெனுவைத் திறக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் அந்த மீனைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.