கோட் மாறும்போதே ஆவணமும் மாற: ஏஐ உதவியாளரிடம் வேலை வாங்கும் முறை

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் எழுதும் சின்னக் குழுக்களுக்கு, அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் ஆவணங்களின் விஷயத்தில் கூடுதலாக ஒரு தலையிடி உண்டு. வேலை நன்றாகப் பழகிய பொடியள் ஒன்றிரண்டு வருடங்களில் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார்கள். அவர்கள் எழுதிய பகுதியில் சந்தேகம் வந்தால், ரொறன்ரோவில் விடியும்வரை காத்திருந்து வட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். போகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது இங்கே எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் இன்றைய கோட்டோடு பொருந்த வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் குழு, கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் போன்றவற்றுக்கு ஏற்ற பில் மென்பொருள் செய்கிறது. உதாரணங்களை அதிலிருந்தே தருகிறேன்.

முதலில் ஆவணம் இருக்கும் இடம். கோட் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் இடம்), மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்புகளாக வையுங்கள். கூகுள் டொக்ஸில் தனியாகக் கிடந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கஷ்டம். நிறுவும் முறைக்கு ஒரு கோப்பு, விலைக் கணக்குக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என்று சிறிதாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது, கோட் வேலையில் உதவும் ஏஐ உதவியாளருக்கான விதிக் கோப்பு. களஞ்சியத்தின் முதல் போல்டரில் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்று ஒரு கோப்பை வைத்தால் பல உதவியாளர்கள் வேலை தொடங்கும்போதே அதை வாசித்துவிடும். கிளோட் கோட் என்ற உதவியாளரைப் பாவிப்பவர்கள் கிளோட்.எம்டி (CLAUDE.md) என்று பெயர் வையுங்கள். எந்த போல்டர் மாறினால் எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும், பட்டன் பெயர்களைத் திரையில் உள்ளபடியே எழுத வேண்டும், காரணம் தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்க வேண்டும். இவ்வளவு போதும். எங்களுடையது ஒரு பக்கம்கூட இல்லை.

இனித்தான் முக்கியமான வேலை. பலரும் "ஆவணத்தைப் புதுப்பித்துத் தா" என்று ஒரே வரியில் கேட்டுவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் சரியாக இருந்த வாக்கியங்களையும் சேர்த்து அது மாற்றி எழுதிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எது உண்மையான திருத்தம், எது வெறும் சொல் அலங்காரம் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். பழைய எச்சரிக்கை ஒன்று நடுவில் காணாமல் போனாலும் தெரியாது.

ஆகவே இரண்டு தடவையாகக் கேளுங்கள். ஒரு மாற்றத்தை மெயின் கிளையில் (கோட்டின் முதன்மைப் பிரதி) சேர்க்கும் முன், அதன் கிட் டிஃப்பையும் (எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்ற பட்டியல்) ஆவணங்களையும் கொடுத்து இப்படிக் கேளுங்கள்:

"இந்த மாற்றத்தால் ஆவணங்களில் எந்தெந்த வாக்கியங்கள் இப்போது பொய்யாகின்றன? ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்துக் காட்டு. எந்தக் கோப்பின் எந்த வரி அதைப் பொய்யாக்கியது என்று சொல். திருத்தம் எதையும் இப்போது எழுதாதே."

அந்தப் பட்டியலை ஒரு மனிதர் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகு, "இந்த வாக்கியங்களை மட்டும் திருத்து, மற்றவற்றைத் தொடாதே" என்று சொல்லுங்கள். முன்பு எங்கள் மென்பொருளில் கடை முழுவதற்கும் ஒரே சேதார வீதம்தான். அதை நகை வகைக்கு ஒரு வீதம் என்று மாற்றினோம். விலைக் கணக்கு ஆவணத்தில் திருத்தம் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். எக்செல்லிலிருந்து பொருட்களை ஏற்றும் ஆவணத்திலும் "சேதாரத்தை ஒருதரம் கொடுத்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. இந்தக் கேள்விதான் அதை வெளியே கொண்டுவந்தது. திருத்திய ஆவணம் கோட்டுடன் ஒரே கமிட்டில், அதாவது களஞ்சியத்தில் ஒரே பதிவாக, போக வேண்டும். "பிறகு எழுதுவோம்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

உதவியாளரை நம்பக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது: ஏன் என்ற கேள்வி. கோட் என்ன செய்கிறது என்பதை அது நன்றாகச் சொல்லும். காரணம் கோட்டில் இல்லாவிட்டால், கேட்க நியாயமாக இருக்கும் ஒன்றைத் தானே எழுதிவிடும். நாங்கள் தங்கத்தின் நிறையை மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமிக்கிறோம். வேகத்துக்காக என்று அது எழுதியது. உண்மைக் காரணம் வேறு. தசம எண்களாக வைத்தால் பல கணினி மொழிகளில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்ட 0.30000000000000004 வரும், நகைக் கணக்கில் அந்த வால் ஆகாது. ஆகவே காரணங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்து, உதவியாளரைக் கேள்வி கேட்க மட்டும் விடுங்கள். பதிலைக் கோட் எழுதியவர் இரண்டு வரியில் தன் சொல்லில் எழுதட்டும். வேலையை விட்டுப் போகப்போகிற தம்பி தங்கச்சிமாருடன் கடைசி வாரங்களில் இதை உட்கார்ந்து செய்வது மிகவும் பயன்தரும்.

எண்களிலும் கவனம் வேண்டும். ஒரு பவுன் 8 கிராம் என்பதை ஆவணத்தில் தாராளமாக எழுதலாம், அது மாறாது. வற் வரி அப்படியல்ல. 2024 ஜனவரி 1 இல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. இப்படி மாறக்கூடிய எண்ணை ஆவணத்தில் எழுதாமல், எந்த அமைப்புக் கோப்பில் அது இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். திருத்த வேண்டிய வாக்கியமே இல்லாமல் போகும்.

நிறுவும் முறையை வாசித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். கம்பஸிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் வெறும் மடிக்கணினியைக் கொடுத்து, யாரையும் கேட்காமல் அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறாரோ அங்கே ஆவணம் பிழை.

மாதம் ஒருமுறை எதிர்த்திசையிலும் பாருங்கள். ஒரு ஆவணத்தைக் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் கோட்டில் ஆதாரம் காட்டச் சொல்லுங்கள். ஆதாரம் கிடைக்காதவற்றை உடனே அழிக்க வேண்டாம், முதலில் எழுதியவரிடம் கேளுங்கள்.

கடவுச்சொற்கள் இருக்கும் என்வ் (.env) கோப்பையும் கடைக்காரரின் உண்மையான பில்களையும் உதவியாளரின் கண்ணில் காட்டவே கூடாது. விளக்கத்துக்கு மாதிரி பில் தேவையென்றால் கற்பனைப் பெயரில் ஒன்றைச் செய்து, அதையே களஞ்சியத்தில் வையுங்கள்.