கேம்ப் மெயில் வந்தா சீட்டு கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

எங்க பொண்ணு ஒன்பதாவது படிக்கறப்போ இங்க அமெரிக்கால ஒரு பெரிய யூனிவர்சிட்டி கோச் கிட்ட இருந்து டென்னிஸ் கேம்ப்புக்கு வாங்கன்னு மெயில் வந்துச்சு, அவ பேரு போட்டு, லோகோ எல்லாம் போட்டு. நான் அன்னிக்கே மதுரைல இருக்கற எங்க அண்ணனுக்கு போன் பண்ணி கிட்டத்தட்ட காலேஜ் டீம்ல சீட்டு கிடைச்ச மாதிரியே பேசிட்டேன். காசு கட்டி, ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு போய் எறங்கினா அங்க கோர்ட்டு ஃபுல்லா பசங்க, எல்லாருக்கும் அதே மெயில்.

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. காலேஜ் ஸ்போர்ட்ஸோட மேல் மட்டமான டிவிஷன் 1 டென்னிஸ்ல, பத்தாவது முடிக்கற வருஷம் ஜூன் 15 வரைக்கும் கோச் நம்ம பசங்களோட ரெக்ரூட்டிங், அதாவது டீமுக்கு ஆள் எடுக்கறது பத்தி பேசவே கூடாது, காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏ அமைப்போட ரூல் அது. அதுக்கு முன்னாடி கேம்ப் நோட்டீஸ், விவரம் கேக்கற கொஸ்டினேர் ஃபார்ம் மாதிரி சிலது மட்டும் அனுப்பலாம்னு விட்டிருக்காங்க, அதனால அது ஊருக்கே போகுது. ஃபுட்பால், பேஸ்பால் மாதிரி கேமுக்கெல்லாம் தேதி வேற, உங்க கேமுக்கு என்னன்னு பாத்துக்கோங்க. இதுலயே தலைகீழா இன்னொரு தப்பும் நடக்குது, பொண்ணு எழுதின மெயிலுக்கு பதிலே வரலன்னு மனசு உடைஞ்சு விட்டுடறாங்க. பசங்க எப்ப வேணா எழுதலாம், கோச்சும் படிப்பாரு, ஆனா அவரால பதில் போட முடியாது, அவ்ளோதான்.

நம்மளுக்கு பிரச்சனை எங்கன்னா நாம இஞ்சினியரிங் கவுன்சலிங் பாத்து வளர்ந்தவங்க. கட்-ஆஃப் இருந்தா ரேங்க், ரேங்க் இருந்தா சீட்டு. இது அப்படி இல்லைங்க, வரன் பாக்கற கதை. ஜாதகம் எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்த வீட்டுல இப்ப கல்யாணத்துக்கு பையன் இருக்கணும்ல? அதே மாதிரி அந்த டீம்ல அந்த வருஷம் எடம் காலியாகணும். ஆனா நாங்க ரெண்டு வருஷம் யூடிஆர்னு சொல்ற டென்னிஸ் ரேட்டிங் நம்பரை பாயிண்ட் பாயிண்ட்டா ஏத்தறதுலயே இருந்துட்டோம், எந்த டீம்ல யாரு படிச்சு முடிச்சு வெளிய போறாங்கன்னு ஒரு தடவை கூட பாக்கல. காலேஜ் மேட்ச்ல ஆறு சிங்கிள்ஸ், மூணு டபுள்ஸ். உங்க புள்ள ஆசைப்படற டீமோட நம்பர் ஒன் பிளேயரை பாத்து பயப்படாதீங்க, கனவும் காணாதீங்க, அஞ்சாவது ஆறாவது எடத்துல ஆடறவங்க யூடிஆர் என்னன்னு பாருங்க, அதான் உங்க கட்-ஆஃப். டீம் ரோஸ்டர், அதாவது பிளேயர் லிஸ்ட் எல்லாம் காலேஜ் சைட்லயே இருக்கு, எந்த வருஷத்துல படிக்கறாங்கன்னும் போட்டிருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சுடும்.

போட்டி பக்கத்து ஸ்கூல் பசங்களோடன்னு நெனைக்கறதும் தப்பு. டென்னிஸ்ல உலகம் முழுக்க இருந்து வர்றாங்க. சென்னைல ஆடி வளர்ந்த நம்ம சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா யூனிவர்சிட்டிக்கு ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் என்சிஏஏ சிங்கிள்ஸ் அடிச்சாரு, அப்படிப்பட்ட ஆளுங்க வந்து நிக்கற எடம் அது. போதாததுக்கு இப்ப காலேஜ் மாற நெனைக்கற பிளேயருங்க பேரு குடுக்கற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேற, வேற காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடி பழகினவங்களையே கோச் எடுத்துக்கலாம், பன்னண்டாவது படிக்கற புள்ளைய எடுத்து ஏன் ரிஸ்க் எடுக்கணும்னு தோணும்ல.

காசு விஷயத்துல நாம கேக்கறதெல்லாம் பழைய கதை. முன்னாடி டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ்ல ஒரு டீமுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதை பிச்சு பிச்சு குடுப்பாங்க, பெண்களுக்கு 8. 2025 ஜூன்ல, பிளேயருங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் கேஸ் செட்டில்மென்ட்டுக்கு கோர்ட் ஓகே சொன்னப்புறம், அதுல சேர்ந்த காலேஜ்ல அந்த லிமிட் போய் ரோஸ்டர் லிமிட் வந்துடுச்சு, டென்னிஸுக்கு 10 பேரு. பத்து பேருக்கும் ஃபுல்லா குடுக்கலாம், ஆனா குடுத்தே ஆகணும்னு இல்ல, இந்த வித்தியாசத்த நிறைய பேரு கவனிக்கறதில்ல. என்சிஏஏவோட மூணாவது மட்டமான டிவிஷன் 3ல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கெடையாது, ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கற ஐவி லீக்லயும் கெடையாது. ஆனா அதுக்காக டிவிஷன் 3யை கேவலமா பாக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு கோவம் வர்ற தப்பு. படிப்புக்கு குடுக்கற மெரிட் காசு சில எடத்துல நல்லாவே வரும், கோச் மார்க்கை முன்கூட்டியே அட்மிஷன் ஆபீஸ்ல காட்டி தேறுமான்னு கேட்டு சொல்ற ப்ரீ-ரீட் வழியும் நிறைய எடத்துல இருக்கு. நாலு வருஷம் நெஜமா மேட்ச் ஆடலாம், பெஞ்ச்ல உக்காந்து கை தட்ட வேணாம்.

மார்க் பத்தி நம்ம ஆளுங்க கவலைப்படறதில்ல, ஆனா மாட்டறது வேற எடத்துல. டிவிஷன் 1க்கு ஹைஸ்கூல்ல 16 கோர் கோர்ஸ், அதாவது என்சிஏஏ கணக்குல எடுக்கற முக்கிய பாடம் வேணும், அதுல 10 பன்னண்டாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், அந்த பத்துல 7 இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ். அந்த பாடங்கள்ல ஜிபிஏ, அதாவது 4க்கு கிரேடு சராசரி, 2.3 போதும், நம்ம பசங்களுக்கு அது ஜுஜுபி. ஆனா எட்டாவதுல முடிச்ச அல்ஜீப்ரா ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் பதிவுல) கிரேடும் கிரெடிட்டுமா ஏறலன்னா கணக்குல வராது, சம்மர்ல ஏதோ ஆன்லைன் கோர்ஸ் பண்ணி அது என்சிஏஏ அப்ரூவ்ட் லிஸ்ட்ல இல்லன்னா அதுவும் போச்சு. ஒன்பதாவது இந்தியால படிச்சுட்டு வந்த புள்ளையா இருந்தா அந்த மார்க்‌ஷீட்டும் கேப்பாங்க, பரண்ல தேடி எடுத்து வைங்க. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு ஸ்கோர் வேணும்ங்கறத என்சிஏஏ 2023லயே எடுத்துட்டாங்க, காலேஜ் கேக்கலாம், அது வேற.

அடுத்த தப்பு, கோச்சுக்கு போற மெயிலை அப்பா அம்மா எழுதறது. நானும் பண்ணேன், அவ பேர்லயே எழுதி "கைண்ட்லி" ரெண்டு எடத்துல போட்டு வச்சேன், அவ படிச்சு சிரிச்சுட்டு அழிச்சுட்டா. அவளே எழுதினது அஞ்சு வரி, எந்த வருஷம் படிப்பு முடிக்கறா, யூடிஆர், ஜிபிஏ, மேட்ச் வீடியோ லிங்க், அடுத்து எந்த டோர்னமென்ட். அதுக்குத்தான் பதில் வந்துச்சு. வீடியோக்கு மியூசிக் போடாதீங்க, பாயிண்ட் ஜெயிச்ச ஷாட் மட்டும் வெட்டி ஒட்டாதீங்க, தோத்த பாயிண்டும் இருக்கற ஒரு முழு செட் இருக்கட்டும், பாயிண்ட் போனப்புறம் புள்ள முகம் எப்படி இருக்குன்னு பாக்கற கோச்சும் உண்டு.

கோச் வாய்ல "எடம் உனக்குத்தான்"னு சொல்றது பேசி வச்ச மாதிரி, நிச்சயதார்த்தம் இல்ல. கோச் வேலைய விட்டுட்டு போனா பேச்சும் போச்சு. முன்னாடி பிளேயரும் காலேஜும் கையெழுத்து போட்ட நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டையும் 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, இப்ப காலேஜ் எழுதிக் குடுக்கற ஃபைனான்ஷியல் எய்ட் அக்ரிமென்ட்தான் காகிதம். அதுல எத்தனை வருஷத்துக்குன்னு போட்டிருக்குன்னு படிங்க.

எச்-4 விசால (எச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கறது), இல்ல எஃப்-1 ஸ்டூடண்ட் விசால இருக்கற பசங்களுக்கு மட்டும் இது. டீம்மேட் எல்லாம் என்ஐஎல்ல, அதாவது தன் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு குடுத்து சம்பாதிக்கற வழில, இன்ஸ்டா போஸ்ட் போட்டு காசு வாங்கறாங்கன்னு நம்ம புள்ளையும் கைய நீட்டிடக் கூடாது, என்சிஏஏ ஓகேன்னாலும் விசா ரூல்ல அது அனுமதி இல்லாம பாத்த வேலையா ஆகிடலாம். நான் வக்கீல் கிட்ட ஃப்ரீயா குடுக்கற டி-ஷர்ட் கூட வாங்கலாமான்னு கேட்டேன், அவரு சிரிச்சாரு, ஆனா போஸ்ட் போட சொல்லி குடுத்தா வாங்காதீங்கன்னாரு.