டெக்சாஸில் ஒரு வருஷம் பின்தங்கிய பிள்ளை பள்ளி டீமில் ஆடலாமா? இப்படிக் கணக்குப் போடுங்கள்

பையன் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதாகிவிட்டது, இனி டீமில் சேர்ப்பார்களா? டெக்சாஸ் அரசுப் பள்ளிகளுக்கு இந்த விதிகளை வகுப்பது யூஐஎல் (University Interscholastic League) என்ற பள்ளிப் போட்டி அமைப்பு. மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. பிறந்த தேதியையும் மார்க் ஷீட்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: வயது. அந்தக் கல்வியாண்டின் செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது. செப்டம்பர் 2-ல் நிரம்பினால் அந்த வருஷம் முழுக்க ஆடலாம், ஒரே நாள் வித்தியாசம்தான்! சரியான வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போது 17 இருக்கும், ஒருமுறை தங்கினால் 18, இரண்டு முறை தங்கினால் 19, அதோடு கதை முடிந்தது. உடல் குறைபாடு போன்ற காரணத்தால் படிப்பு ஒரு வருஷமாவது தள்ளிப்போனவர்களுக்கு விலக்கு கேட்க வழி உண்டு.

படி 2: எந்த வகுப்பில் தங்கினான்? பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை காலடி வைத்த நாளிலிருந்து தொடர்ச்சியாக நான்கு வருஷம்தான் ஆடலாம், அந்தக் கடிகாரம் ஃபெயிலானாலும் நிற்காது. ஒன்பதையே இரண்டு தடவை படித்தவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது அது அவனுக்கு ஐந்தாவது வருஷம், அதனால் வயது இருந்தும் வெளியே உட்கார வேண்டியதுதான். அதற்கு முந்தைய வகுப்பில் தங்கியிருந்தால் பெரும்பாலும் வயதை மட்டும் பார்த்தால் போதும்.

பெரும்பாலும் என்றேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு தேறட்டும், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜொலிக்கட்டும் என்று ஏழிலோ எட்டிலோ வேண்டுமென்றே தங்க வைக்கிற பெற்றோர் அங்கே உண்டு. விளையாட்டுக்காகத் தங்க வைத்தால் உயர்நிலைப் பள்ளியில் (அங்கே 9 முதல் 12 வரை) நான்காவது வருஷம் ஆடும் வாய்ப்பு பறிபோகும். என்னைக் கேட்டால் நியாயமான விதி.

படி 3: கிரெடிட், அதாவது பாடத்தில் தேறினால் பட்டியலில் சேரும் புள்ளி. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது வருஷம் தொடங்கும்போது 5 கிரெடிட் இல்லையென்றால் முதல் ஆறு வாரம் போட்டி கிடையாது.

படி 4: அப்புறம் வருஷம் நெடுக மதிப்பெண். 1984-ல் வந்த ‘பாஸ் இல்லையென்றால் ஆட்டம் இல்லை’ சட்டப்படி ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் குறைந்தது மூன்று வாரம் போட்டிக்குப் போக முடியாது (கடினமான சில அட்வான்ஸ்டு பாடங்களுக்கு விலக்கு உண்டு). பயிற்சிக்குப் போகலாம், அதைத் தடுக்க மாட்டார்கள்.