எடைமேடை கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் சொதப்பினால்: லினக்ஸ் கெர்னல் ரிக்ரஷனைப் பிடித்துத் திருத்தும் முறை

புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலை. லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது, இண்டிகேட்டர் பெட்டியில் எடை சரியாகத் தெரிகிறது. பில் போடும் கம்ப்யூட்டரில் மட்டும் சில இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்து. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது; இரவு அப்டேட் ஏறி லினக்ஸ் கெர்னல் (கருவிகளை இயக்கும் மையப் பகுதி) மாறியிருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எடைமேடை, நகைத் தராசு, ஆய்வகக் கருவி என எதை சீரியல் கேபிளில் கட்டியிருந்தாலும் வழி இதுதான்.

முன்பு ஓடியது புதிய வெர்ஷனில் உடைவதுதான் ரிக்ரஷன். அப்படிச் சொல்ல மூன்று விஷயம் மாறாமல் இருந்தாக வேண்டும்: அதே கருவி, அதே கேபிள், அதே அமைப்பு. கெர்னல் மட்டும்தான் மாறியிருக்க வேண்டும். அப்டேட் போட்ட கையோடு பழைய யூஎஸ்பி கேபிளையும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகியிருந்தால், முதலில் பழைய கேபிளைத் தேடி எடுங்கள்.

முதலில் ஆலை ஓடட்டும்

வாசலில் நெல் லாரி வரிசை நிற்கும்போது கெர்னல் ஆராய்ச்சி வேண்டாம். மெஷினை மறுபடி பூட் செய்து, தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். டெபியன், உபுண்டு என்றால் ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டு அந்தக் கெர்னல் பேக்கேஜை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தடுத்த அப்டேட்டில் பழைய கெர்னல் தானாகவே அழிக்கப்படலாம். ஒப்பிட்டுப் பார்க்க அது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

பழைய கெர்னலிலும் அதே குப்பை வந்தால் இது ரிக்ரஷன் இல்லை. ஆர்எஸ்-232 கேபிளை 15 மீட்டருக்குள் வைத்துக்கொள்வதுதான் வழக்கமான வரம்பு. மேடையிலிருந்து ஆபீஸ் அறைவரை அதைத் தாண்டி இழுத்திருக்கிறார்களா, உமித்தூசி ஏறிய கனெக்டரா, ஐப்பசி இடியில் அடிபட்ட போர்ட்டா என்று பாருங்கள். 9 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வரவேண்டும். வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் அடிப்படை வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் பாரிட்டி (பிழை தெரிய ஒவ்வோர் எழுத்தோடும் சேரும் சோதனை பிட்) கோளாறு இந்தச் சோதனையில் தெரியாது. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே தப்பைச் செய்தால் இரண்டும் பொருந்திப்போகும்.

எடையளவுத் துறை முத்திரையிட்ட இண்டிகேட்டரின் சீலை மட்டும் தொடாதீர்கள்.

கெர்னல்மீது வீண்பழி விழும் இடங்களும் உண்டு. சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிள் செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் தோன்றி உடனே மறைந்தால் டீமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் லாகைப் பாருங்கள். பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் அங்கே இருந்தால், பிரெய்ல் கருவிக்கான அந்த நிரல் போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. உபுண்டு 22.04-இல் பலர் இதில் மாட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தவில்லை என்றால் பேக்கேஜை நீக்கினால் போதும். போர்ட்டைத் திறந்து மோடம் இருக்கிறதா என்று நோண்டும் மோடம்மேனேஜரும் இதே ரகம்.

எந்த இலக்கம் கெடுகிறது?

"எடை தப்பா விழுது அண்ணே" என்பதோடு நிற்காமல், எந்த எடைக்கு எந்த எழுத்து வந்தது என்று பத்து வரி எழுதி வாங்குங்கள். பில் மென்பொருளை மூடிவிட்டு, எஸ்டிடிஒய் கட்டளையால் போர்ட்டை 9600, 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று (அல்லது உங்கள் இண்டிகேட்டரின் கையேட்டில் உள்ளபடி) வைத்து, வருவதை ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டால், டிரைவர் (போர்ட்டை இயக்கும் கெர்னல் பகுதி) 7 பிட் ஈவன் பாரிட்டியை விட்டுவிட்டு 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது. காரணம் எளிது. '3' என்பது பதினாறடிமானத்தில் 33. இரும எண்ணாக எழுதினால் அதில் நான்கு ஒன்றுகள், இரட்டைப்படை. அதனால் பாரிட்டி பிட் 0, எழுத்து மாறாது. '1' என்பது 31. அதில் மூன்று ஒன்றுகள். எண்ணிக்கையை இரட்டையாக்கப் பாரிட்டி பிட் 1 ஆகிறது. அதை எட்டாவது தகவல் பிட்டாக எடுத்துக்கொண்டால் 31 போய் பி1 வரும். இரண்டு அமைப்பிலும் ஓர் எழுத்துக்கு மொத்தம் 10 பிட்தான் என்பதால் ஃப்ரேமிங் பிழை (எழுத்தின் முடிவு பொருந்தாத பிழை) எதுவும் காட்டாது. அதனால்தான் லாகில் ஒன்றுமே இருக்காது.

எல்லா இலக்கமும் குழம்பினால் வேகம் பொருந்தவில்லை. நடுவில் எழுத்து விட்டுப்போனால் ஓவர்ரன், அதாவது வந்ததைப் படிக்குமுன் அடுத்தது வந்து விழுகிறது. மதர்போர்டு போர்ட் என்றால் ரூட்டாக, ப்ராக் அடைவில் டிடிஒய், டிரைவர் என்று இறங்கி சீரியல் ஃபைலைத் திறங்கள். டிடிஒய்எஸ்0-க்கு வழக்கமாக முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4. யூவார்ட் (சீரியல் சிப்) 16550ஏ என்று இருக்க வேண்டும். எஃப்இ ஃப்ரேமிங், பிஇ பாரிட்டி, ஓஇ ஓவர்ரன். எண்ணிக்கை சுழியம் என்றால் அந்தப் பெயரே வராது. 16550ஏ-க்கு 16 பைட் ஃபிஃபோ (வரும் எழுத்தைத் தேக்கிவைக்கும் இடம்) உண்டு. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து என்பதால் அது நிரம்ப 16 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்த வேகத்தில் ஓஇ ஏறினால் ஃபிஃபோ அணைந்திருக்கிறதா, சிப்பை வேறு வகையாக அடையாளம் கண்டிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

சிஎச்340 கேபிளையும் இயக்கும் சிஎச்341 டிரைவரில் இன்னொன்று. டைனமிக் டீபக்கில் (டிரைவரை விரிவாக லாக் எழுதவைக்கும் வசதி) அந்த டிரைவர் மாட்யூலை இயக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றிச் செருகினால் சிப் வெர்ஷன் லாகில் விழும். பதினாறடிமானத்தில் 30-க்குக் கீழே இருந்தால், டிரைவர் பிட் எண்ணிக்கையையும் பாரிட்டியையும் அந்தச் சிப்பில் எழுதுவதே இல்லை. அது அந்த டிரைவரின் எல்லை. வேறு கேபிள் வாங்குவதுதான் வழி.

பைசெக்ட்

கெர்னலில் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு கமிட். நல்ல வெர்ஷனுக்கும் கெட்டதற்கும் நடுவே உள்ள கமிட்களைப் பாதி பாதியாக வெட்டிச் சோதித்து, உடைத்த கமிட்டைப் பிடிப்பதே பைசெக்ட். இங்கேதான் பொறுமை வேண்டும். டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்றவை) கெர்னலில் அவர்களுடைய பேட்ச்களும் (கூடுதல் திருத்தங்களும்) கலந்திருக்கும். ஆகவே கெர்னல் டாட் ஆர்க்கிலிருந்து மூலத்தை எடுத்து, நல்ல வெர்ஷன், கெட்ட வெர்ஷன் இரண்டையும் நீங்களே கட்டிப் பார்த்து, கோளாறு அங்கும் அப்படியே வருகிறது என்று உறுதி செய்யுங்கள். ஒரே வரிசைக்குள் (6.1-இன் இரு சிறு வெளியீடுகளுக்கு நடுவே என்பதுபோல்) உடைந்திருந்தால் ஸ்டேபிள் மரத்தை (வெளியான வரிசைகளுக்குத் திருத்தங்கள் சேரும் மூலத்தை) எடுக்க வேண்டும்.

ஆலையின் பழைய மெஷினில் கட்ட வேண்டாம். யூபிஎஸ் உள்ள வேறு மெஷினில் கட்டி, மேக் பின்டெப்-பிகேஜி தரும் டெப் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஆலை மெஷினின் பூட் அடைவிலுள்ள கான்ஃபிக் ஃபைலையும் எல்எஸ்மாட் காட்டும் மாட்யூல் பட்டியலையும் எடுத்துவந்து, அந்தப் பட்டியலைக் கொடுத்து மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினால் தேவையில்லாத டிரைவர்கள் கழிந்து நேரம் வெகுவாகக் குறையும். பட்டியல் எடுக்கும்போது சீரியல் கேபிள் செருகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தேடும் டிரைவரே கழிந்துபோகும். டீபக் இன்ஃபோவை அணையுங்கள். சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ் வரியைக் காலியாக்குங்கள். காலியாக்காவிட்டால், டிஸ்ட்ரோவின் சாவி ஃபைல் உங்களிடம் இல்லாததால் பில்ட் அங்கே நின்றுவிடும். கெர்னல் பெயரில் கமிட் எண் சேர லோக்கல்வெர்ஷன் ஆட்டோவை இயக்குங்கள். இப்படித் தயாரான கான்ஃபிக்கைத் தனியே பத்திரப்படுத்தி, ஒவ்வொரு படியிலும் அதையே திரும்ப நகலெடுத்து மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள்.

அடுத்தடுத்த இரு பெரிய வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்கள் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு படியும் பாதியை வெட்டுவதால் 14 படி போல வரும். கிட் பைசெக்ட் ஸ்டார்ட் கட்டளையில் டிரைவர்ஸ் அடைவின் டிடிஒய், யூஎஸ்பி சீரியல் பகுதிகளை மட்டும் குறிப்பிட்டால் படிகள் பாதியளவுக்குக் குறையலாம். குற்றவாளி அந்த அடைவுக்கு வெளியே இருந்தால் தவறான கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் யூநேம் ஓட்டி, பெயரில் உள்ள கமிட் எண் இப்போது சோதிக்க வேண்டியதுதானா என்று பாருங்கள். பழைய கெர்னலில் பூட் ஆனதைக் கவனிக்காமல் "குட்" போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒரே ஒரு தவறான "குட்" மீதியுள்ள அத்தனை படியையும் வீணாக்கிவிடும். கோளாறு விட்டுவிட்டு வருகிற ரகம் என்றால் 20 நிமிடமாவது ஓடவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். பூட்டே ஆகாத கமிட்டுக்கு "பேட்" போடாமல் "ஸ்கிப்" போடுங்கள். கிட் பைசெக்ட் லாகை அவ்வப்போது ஃபைலாகச் சேமித்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

திருத்தம்

முதல் கெட்ட கமிட் கிடைத்ததும் புத்தம்புதிய மெயின்லைன் (முதன்மை) கெர்னலில் அதை ரிவர்ட் செய்து, அதாவது அந்த மாற்றத்தை மட்டும் நீக்கிப் பாருங்கள். சரியானால் ஆள் அவன்தான். சரியாகாவிட்டால் அடைவு வரம்பை நீக்கி மறுபடி பைசெக்ட்.

ரிவர்ட்டோடு விட்டுவிடாமல் எது உடைந்தது என்று கண்ணால் பாருங்கள். சிஎச்341-இல் வரி அமைப்பு முழுவதும் எல்சிஆர் என்ற ஒரே பைட்டில் அடங்கும்: வாங்க 80, அனுப்ப 40, 7 பிட்டுக்கு 02 (8 பிட் என்றால் 03), பாரிட்டி இயக்க 08, ஈவனுக்கு 10. எல்லாம் பதினாறடிமானம். 7 பிட் ஈவன் என்றால் கூட்டி டிஏ. 8 பிட், பாரிட்டி இல்லை என்றால் சி3. யூஎஸ்பி செய்திகளைக் காட்டும் யூஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, போர்ட் அமைக்கப்படும் நொடியில் போகும் கண்ட்ரோல் செய்தியைப் பாருங்கள்: 40, 9ஏ, 2518, அடுத்து 00டிஏ வரவேண்டும். 00சி3 போனால் வரி அமைப்பைக் கணக்கிடும் செட்டெர்மியோஸ் செயல்கூறில் பாரிட்டி பிட் சேரவே இல்லை. "அல்லது-சமம்" இருக்க வேண்டிய இடத்தில் வெறும் "சமம்" விழுந்து முன்னால் சேர்த்த பிட்களைத் துடைத்திருக்கிறதா என்று அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 00டிஏ-வே போயும் இலக்கம் கெட்டால் டிரைவர் குற்றமற்றது; சிப்பைப் பாருங்கள்.

திருத்திய மாட்யூலை மட்டும் கட்டி ஏற்றலாம். ஆனால் கெர்னல் வெர்ஷன் முழுதும் ஒத்துப்போக வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூல் ஏறாது. 7 பிட்டும் 8 பிட்டும், ஈவனும் ஆடும், ஒன்று-இரண்டு ஸ்டாப் பிட்டும், 300 முதல் 115200 வரை வேகமும் சோதியுங்கள். உங்கள் எடைமேடை சரியாகி வேறு யாருடைய கருவியோ உடைந்தால் அது இன்னொரு ரிக்ரஷன்.

பேட்சின் விளக்கத்தில் என்ன தெரிந்தது, ஏன் நடந்தது என்று எழுதி, ஃபிக்ஸஸ் வரியில் குற்றவாளிக் கமிட்டின் முதல் 12 எழுத்தும் தலைப்பும், அடியில் உங்கள் சைன்டு-ஆஃப்-பை வரியும் சேருங்கள். பழைய வரிசைகளுக்கும் போய்ச் சேர ஸ்டேபிளுக்கு நகல் குறிப்பு போடுங்கள். பேட்சின் வடிவத்தைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்பதை கெட்மெயின்டெய்னர் நிரலே சொல்லும். சி தெரியாவிட்டாலும் பைசெக்ட் விவரத்தை மட்டும் அனுப்புங்கள். வேலை செய்துகொண்டிருந்தது உடைந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்பது கெர்னல்காரர்களின் முதல் விதி. சரியான கமிட் எண்ணோடு வரும் புகாரைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

அதுவரை ஆலைக்குப் பழைய கெர்னல்தான் நல்லது. அதுவும் முடியாத இடத்தில் போர்ட்டை 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்து ஐஸ்ட்ரிப்பை இயக்கினால், கெர்னலே எட்டாவது பிட்டை வெட்டி இலக்கத்தைச் சரியாகக் கொடுக்கும். பில் மென்பொருள் தானே போர்ட்டை அமைத்தால் இது அழிந்துபோகும். பாரிட்டிச் சோதனையும் இருக்காது. ஆகவே கேபிள் நன்றாக இருக்கும் இடத்தில் சில நாளைக்கு மட்டும்.

திருத்தம் உங்கள் டிஸ்ட்ரோவின் அப்டேட்டில் வந்ததும் ஹோல்டை எடுத்துவிட்டு, ஒருநாள் முழுக்க இண்டிகேட்டர் காட்டுவதையும் சீட்டில் விழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். 1, 2, 4, 7, 8 ஐந்து இலக்கமும் சீட்டுகளில் ஒருமுறையாவது சரியாக விழும்வரை பழைய கெர்னலை அழிக்க வேண்டாம்.