எலக்ட்ரானிக் லோடில் பேட்டரி சோதிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

எலக்ட்ரானிக் லோடு என்பது பேட்டரியிலிருந்து நாம் வைத்த அளவு கரண்டை இழுத்து அதைச் சோதிக்கும் கருவி. அதில் கெப்பாசிட்டி குறைவாக வந்ததும் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், முதலில் வயரைப் பாருங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது வயரும் கிளிப்பும் சேர்ந்து 0.05 ஓம் இருந்தாலே 0.25 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி முனையில் 3.25 வோல்ட் இருக்க, லோடோ 3.0 என்று நினைத்து முன்னதாகவே நிறுத்திவிடும். சென்ஸ் வயர்கள் (வோல்டேஜை மட்டும் அளக்கும் தனி வயர்கள்) இரண்டையும் நேராகப் பேட்டரி முனையிலேயே மாட்டுங்கள். மாட்டினால் மட்டும் போதாது, பல லோடுகளில் மெனுவில் போய் ரிமோட் சென்ஸை ஆன் செய்யவும் வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது கட்-ஆஃப், அதாவது லோடு தானாக நிற்க வேண்டிய வோல்டேஜ். வெறும் சிசி மோடில் (ஒரே அளவு கரண்டை இழுக்கும் மோடு) போட்டுவிட்டால் பல லோடுகள் பூஜ்ஜியம் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் பேட்டரி டெஸ்ட் மோடில் கட்-ஆஃப் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லித்தியம் அயான் செல்லுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.0 வோல்ட், 12 வோல்ட் லெட் ஆசிட்டுக்கு 10.5, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு 1.0, சந்தேகம் வந்தால் டேட்டாஷீட் சொல்வதே சரி. லித்தியம் செல் ஒருமுறை அடிமட்டத்துக்குப் போய்விட்டால் உள்ளே இருக்கும் செம்பு கரையத் தொடங்கும், அதை மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். பல செல்களைத் தொடராக இணைத்த பேக்காக இருந்தால் மொத்த வோல்டேஜை மட்டும் நம்பவே கூடாது. நான்கு செல் பேக்குக்கு 12 வோல்ட் கட்-ஆஃப் வைத்தீர்கள் என்றால், மூன்று செல் 3.2-லும் ஒன்று 2.4-லும் இருந்தாலும் கூட்டினால் 12 வரும், லோடுக்கு எதுவும் தெரியாது.

சிவி மோடை (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கப் பார்க்கும் மோடு) பேட்டரியில் தெரியாமல் தட்டிவிட்டால், வைத்த வோல்டேஜுக்கு இறக்கியே தீருவேன் என்று லோடு தன்னால் முடிந்த அளவு கரண்டை இழுக்கும். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும் ஆபத்துதான், பல லோடுகளில் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் பாடி டையோடு வழியாகக் கிட்டத்தட்ட ஷார்ட் போலவே கரண்ட் பாயும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போடுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

பெட்டியில் 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே 150 வாட் என்றும் இருக்கும். 12 வோல்டில் 12.5 ஆம்பியரிலேயே அந்த 150 தீர்ந்துவிடும், 30 வரை போக முடியாது.

அப்புறம், லெட் ஆசிட்டில் 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) என்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு, அதாவது 5 ஆம்பியர். 50 ஆம்பியர் இழுத்துவிட்டு இரண்டு மணி நேரம் வரவில்லையே என்று பேட்டரியைத் திட்டுவது நியாயமே இல்லை. சோதனை முடிந்து லோடு நின்றதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறிக் காட்டும். அதைப் பார்த்து மறுபடி ஓடவிட வேண்டாம், சூடு ஆறியதும் சார்ஜில் போடுங்கள்.